படிப்பது யார்?

ஒரு சிரிப்பைப் பற்றி எழுதப் போகிறேன். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம் அல்லவா?

பெரம்பலூரில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து, மண்டபத்து வாசலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெற்றிலையும் வம்புமாக உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுநாயகமாக ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். நல்ல பேச்சாளி, நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அவர் கைக்குப் போய்விடும். சற்றுத் தள்ளி, தாம்பூலப் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் காட்டி யாரோ சொன்னார்கள்: "அந்த டீச்சர் இந்த வயசில் எம்.ஏ. படிக்கிறாங்க. ஆன்லைனில்."

பேராசிரியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "முன்னெல்லாம் பட்டம் தபாலில் வரும். தபால்காரருக்குத் தீபாவளி இனாமாவது கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் செலவும் மிச்சம். போனுக்கு ரீசார்ஜ் பண்ணினால் எம்.ஏ. இலவசம்!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. எழுத்தாளனுக்கு அந்த பலவீனம் உண்டு.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பைகளை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "சார், நமஸ்காரம். நான்தான் ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி உங்களுக்கு எழுதினவள்" என்றார்.

எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி சுட்டது.

கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன் வந்த என் நாவல் ஒன்றில் கதாநாயகன் மழை கொட்டுகிற ஒரு ராத்திரியில் பெரம்பலூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குவான். உணர்ச்சிகரமான கட்டம் என்று பலர் பாராட்டினார்கள். ஒரே ஒரு கடிதம் மட்டும் வேறு விதமாக வந்தது. 'தாங்கள் எழுதியிருப்பது உருக்கமாக இருக்கிறது. ஆனால் பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. அரியலூரில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் பஸ்ஸும் தாமதமாகும். அடுத்த பதிப்பில் அவனை அரியலூரில் இறக்கிவிடக் கோருகிறேன்.' முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களையும் வரி தவறாமல் படித்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும். பதிப்பாளர் படிக்கவில்லை, பிழை திருத்தியவர் படிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நானே ஒழுங்காகப் படிக்கவில்லை. இந்த ஆசிரியை படித்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் அரியலூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவருக்கு அரியலூர்ப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை. காலைப் பஸ்ஸில் ஒன்றாகப் போனோம். ஒரு மணி நேரப் பிரயாணம். எதிரே சிமெண்டு ஆலை லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். தினம் போக ஒரு மணி, வர ஒரு மணி. அதுதான் அவருடைய கல்லூரி. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு இந்தப் பஸ்ஸில்தான் பாடம் கேட்கிறார். உட்கார இடம் கிடைத்தால் குறிப்பும் எடுப்பார்.

பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியையாக வேலைக்கு வந்தவர். பி.ஏ. தபாலில் படித்தார். இப்போது நாற்பத்தாறு வயதில் வரலாற்றில் எம்.ஏ.; சீட்டு எடுத்த பணத்தில் கட்டணம் கட்டியிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் தப்பித்துவிடும்.

"சம்பளம் கூடுமா?" என்று கேட்டேன். நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் தோன்றுகிற கேள்வி அதுதானே.

"முன்பெல்லாம் கூடும், சார். இப்போது கிடையாது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

வாஸ்தவம். ஆசிரியர்கள் கூடுதல் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு தருவது இந்த நாட்டில் பல காலம் வழக்கமாக இருந்தது. 2020 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு அதை நிறுத்திவிட்டது. மறுவருஷம், அதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை கொடுக்கும் தொகை என்று ஓர் அறிவிப்பு வந்தது. மாதாமாதம் வந்துகொண்டிருக்கிற ஊற்றுக்கும், ஒரு நாள் ஊற்றிவிட்டுப் போகிற ஒரு குடம் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கஜானாவில் இருக்கமாட்டார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது அந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாக்கினார்கள். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, பலகைதான் மாறிக்கொண்டிருந்தது.

போகட்டும். சம்பளத்துக்காகப் படிக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் ஆசிரியர்களைக் கேலி செய்தோம். அந்தச் சம்பளத்தை எடுத்த பிறகும் ஒருத்தி படிக்கிறாள் என்றால் கேலி செய்ய வேறென்ன பாக்கி இருக்கிறது? 2025 செப்டம்பர் முதல் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்ததே, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று. வேலையிலிருக்கிற இவரும் அதற்கு வேறு படிக்கிறார். அந்தப் படிப்பு வேலைக்கு. இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டேன்.

கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருத்தன், 'ராஜேந்திர சோழன் கங்கை வரைக்கும் எதுக்கு டீச்சர் போனான்?' என்று கேட்டான். புத்தகத்தில் இருக்கிறதைச் சொன்னேன். அவனுக்கும் திருப்தியில்லை, எனக்கும் திருப்தியில்லை."

இதைவிட நல்ல காரணம் சொல்லி எந்தக் கல்லூரியிலும் யாராவது சேர்ந்திருக்கிறார்களா?

நம்முடைய கேலிக்கு வருகிறேன். கட்டடத்துக்குள் போய்ப் படிக்காத படிப்பு கௌரவக் குறைவு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே தன் பட்டப் பரீட்சைகளை எங்கிருந்து படித்தவர்க்கும் திறந்துவிட்டது. இலங்கையில் 1921-ல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை மாணவர்களை அந்த லண்டன் பரீட்சைக்குத்தான் தயார் செய்தது. லண்டனைக் கண்ணால் பார்க்காத 'லண்டன் பி.ஏ.'க்கள் யாழ்ப்பாணத்து வாசல்களில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். லண்டனிலிருந்து கடல் கடந்து வந்தால் பட்டம். பஸ்ஸில் அரியலூருக்குப் போகிற வழியில் வந்தால் பரிகாசம்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் டாக்டர் மு. வரதராசனார் கதை தெரியுமல்லவா? திருப்பத்தூரில் சாதாரண வேலை பார்த்துக்கொண்டு, கல்லூரி வாசலை மிதிக்காமல் தனியாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே 1939-ல் பி.ஓ.எல். அப்புறம் 1944-ல் எம்.ஓ.எல். அவர் நாவல்களைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படித்த குடும்பங்கள் எத்தனை! அவரை யாராவது 'தனித்தேர்வர்' என்று சொல்லிச் சிரித்தோமா? 1971-ல் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரானார். அதே வருஷம்தான் மதுரையில் அஞ்சல்வழிக் கல்வியும் தொடங்கியது. நெல்சன் மண்டேலா சிறைக்குள் உட்கார்ந்து தபால் வழியாகவே சட்டம் படித்து, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை 1989-ல் பெற்றார். அவரிடம் போய் நம் பேராசிரியர் ரீசார்ஜ் ஜோக்கைச் சொல்லட்டும்.

சட்டத்திலும் குறை இல்லை. முறையான அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டமும் தபால் பட்டமும் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் சொல்கின்றன. 2022-ல் குழு அதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. ஆக, காகிதத்தில் சமம். கல்யாண மண்டபத்தில்தான் சமமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்தினால் நான் பாதி உண்மை பேசுகிறவனாவேன். ஆன்லைன் படிப்பு நடத்துகிறவர்களுக்கு இந்தப் பக்கங்களைப் படிக்க இதுவரை சந்தோஷமாக இருந்திருக்கும். அவர்கள் இனி கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

பஸ் குன்னம் தாண்டிய பிறகு அந்த அம்மாள் சொன்ன விஷயத்தை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

முதல் பருவத்தில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்களாம். தலைப்பு, சோழர் காலத்து நீர்ப்பாசனம். அனுப்பியிருந்த பாடத்தில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து ஏரியைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம். இவருக்கு அது போதவில்லை. தம் மாவட்டத்து ஏரி அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து சோழகங்கம் என்று ராஜேந்திரன் வெட்டிய அந்த ஏரிக்குப் போனார். இன்றைக்குப் பொன்னேரி என்று பெயர். கங்கையை வென்ற அரசன் வெற்றித் தூணைக் கல்லால் நாட்டாமல் தண்ணீரால் நாட்டினான் என்று பொருள்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிற ஏரி அது. பிற்காலத்தில் கரை சிதைந்து, தண்ணீர் போய், காடு மண்டிக் கிடந்தது. இவர் கரைமேல் நடந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மதகுகள் பற்றிக் கேட்டார். கோயில் மதிலின் கல்லை 1836-ல் அணை கட்டுவதற்காகப் பெயர்த்துக் கொண்டுபோன கதையையும் தேடிப் படித்தார். அரசனுக்கு அது வெற்றித் தூண். சரி, கீழே உழுதவனுக்கு அது என்ன என்று ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டு, பதினான்கு பக்கம் எழுதினார். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு, பன்னிரண்டு ராத்திரி.

அனுப்பினார். முப்பதுக்கு இருபத்தொன்று வந்தது. மார்க் மட்டும். வேறு ஒரு எழுத்து இல்லை.

"மார்க் குறைச்சல் என்று வருத்தமில்லை, சார். எங்கே குறை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்."

அடுத்த பருவத்தில் ஒரு கைப்பிசகு நேர்ந்தது. ஐரோப்பிய வரலாற்றுக்கு அனுப்ப வேண்டிய கட்டுரைக்குப் பதில், தெரியாத்தனமாக அந்தப் பழைய சோழர் கட்டுரையையே போனிலிருந்து தட்டி அனுப்பிவிட்டார். நாலு நாள் கழித்துத்தான் தவறு தெரிந்தது. பதறிப்போய் இரண்டு மின்னஞ்சல் எழுதினார், தொலைபேசியில் கூப்பிட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு மார்க் வந்தது.

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கேள்விக்கு, ஜெயங்கொண்டத்து ஏரியை விடையாக எழுதியதற்கு, முப்பதுக்கு இருபத்துநாலு.

பஸ்ஸில் நான் மறுபடியும் சிரித்தேன். இந்தத் தடவை அவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

வாசகர்களே, எனக்கு வந்த கோபம் இந்த இடத்தில்தான் வந்தது. அந்த மூன்று மார்க்கு அதிகப்படி இருக்கிறதே, அது ஒரு பெரிய வாக்குமூலம். 'அம்மா, நாங்கள் உன் கட்டுரையைப் படிக்கவில்லை. முதல் தடவையும் படிக்கவில்லை. இனியும் படிப்பதாக இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம். அவர் என் நாவலைப் படித்தார். அதற்காக நான் அவருக்குக் காலணா கொடுக்கவில்லை. அவர் கட்டுரையைப் படிக்கப் பணம் வாங்கிக்கொண்டவர்கள் படிக்கவில்லை. இதில் படிக்காதவர் யார்? 'ஆன்லைனில் படிப்பவர்கள் ஒழுங்காகப் படிப்பதில்லை' என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். ஒழுங்காகப் படிக்காதவர்கள் மேஜையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?

பரீட்சைக் கதை இன்னும் விசேஷம். வீட்டிலிருந்தே பரீட்சை. காப்பி அடிக்கிறார்களா என்று பார்க்கக் கணினியின் கண் ஒன்று மூன்று மணி நேரமும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். குனிந்து கணக்குப் போட்டால் எச்சரிக்கை. மின்விசிறியில் திரை ஆடினால் எச்சரிக்கை. பக்கத்து அறையில் மாமியார் இருமினால் எச்சரிக்கை. முகத்தைப் பார்க்க அத்தனை சிரத்தை! எழுதியதைப் பார்க்க ஆள் இல்லை.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். 'எல்லோரும் உம்முடைய டீச்சரைப் போலவா? பணம் கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்குகிறவர்கள் இல்லையா? ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே?' கிடைக்கிறது. நான் மறுக்கவில்லை. அரியலூர் பஸ் நிலையத்தின் அருகே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்தப் பஸ் நிலையத்தின் அருகிலும் கிடைக்கும். ஆனால் அந்தக் கடையைத் திறந்து வைத்தவர் யார் என்று யோசித்தீர்களா? பன்னிரண்டு ராத்திரி கண் விழித்தவளுக்கு இருபத்தொன்று, கடையில் வாங்கியவனுக்கு இருபத்துநாலு என்றால், கடைக்குப் போகாதவள்தான் அசடு. படிக்காமலே மார்க் போடுகிற ஒவ்வொருவரும் அந்தக் கடைக்குப் பங்காளி. மாணவனைத் திருடன் என்று பிடிப்பதற்குக் கண் வைத்த கணினி வாங்குகிறார்கள். அவன் எழுதியதைப் படித்திருந்தாலே திருட்டு முக்கால்வாசி நின்றிருக்கும். நாலு வரி படித்தால் வாத்தியாருக்குத் தெரியாதா, எது சொந்தக் கை, எது இரவல் என்று?

அந்த அம்மாள் வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகள். தினசரி முப்பத்து நாலு நோட்டுகள். 'ழ'கரம் 'ள'கரமாகிவிட்ட இடமெல்லாம் சிவப்பு மசியில் சுழித்து, ஓரத்தில் 'நன்று', 'இன்னும் தெளிவாக எழுது' என்று எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். இதற்கு நடுவில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். அரசாங்கத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்ப வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை எம்.ஏ. மாணவிக்குக் கிடைக்காதாம். ஊராட்சி ஒன்றியத்தால் முடிவது பல்கலைக்கழகத்தால் முடியாதாம்.

முடியாதது ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1969-ல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தார்கள். பாடம் டெலிவிஷனிலும் ரேடியோவிலும் வந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தார்கள். ஆனால் எழுதிய கட்டுரை ஒரு மனிதர் கைக்குப் போயிற்று. அவருக்குப் பெயர் உண்டு. ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவது அவருடைய உத்தியோகம். அங்கே முதலில் வந்து சேர்ந்தவர்களில் பெரும் கூட்டம் பள்ளி ஆசிரியர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் 1962-ல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் படிப்பைத் தொடங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் நாம் தபாலை ஒழித்துவிட்டு இணையத்தைக் கொண்டுவந்தோம். தபாலிலும் பதில் வரவில்லை, இணையத்திலும் வரவில்லை. வேகம் மட்டும் கூடியிருக்கிறது. அதாவது, பதில் வராது என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

ஆள் இல்லையென்று சொல்லாதீர்கள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டுக் 'கௌரவ விரிவுரையாளர்' என்ற பெயரில், அந்தப் பெயரிலுள்ள முதல் வார்த்தை ஒன்றைத் தவிர வேறு கௌரவம் எதையும் காணாமல், தொகுப்பூதியத்தில் உழல்கிற இளைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இருபத்தைந்து மாணவர்களுக்கு ஒருவரை வையுங்கள். கட்டணத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் கட்டாயமாக ஐந்து வரி அவர் கைப்பட இருக்க வேண்டும், அதற்கு மாணவர் பதில் எழுதலாம் என்று விதி செய்யுங்கள். விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தில் இது நடக்கும். பெரம்பலூர் நெடுஞ்சாலையில் எத்தனை பலகைகள்! வேலையை விடாமல் படிக்கலாமாம், வீட்டிலிருந்தே பட்டம் பெறலாமாம். வீட்டிலிருந்தே படிக்கிறவருக்கு ஒரு வாத்தியார் உண்டு என்று எந்தப் பலகையிலாவது எழுதியிருக்கிறதா?

இன்னொரு ஊழலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச்சில் மானியக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்குத் தங்கள் அங்கீகாரம் 2014-15 வரைதான் உண்டு என்றும், அதற்குப் பிறகு நடத்தியவை செல்லாது என்றும். பல்கலைக்கழகத்துக்கும் குழுவுக்கும் நடுவில் யார் பக்கம் நியாயம் என்பது வக்கீல்கள் பாடு. என்னுடைய கேள்வி சின்னது. ஏழு வருஷம் விண்ணப்பம் வாங்கி, கட்டணம் வாங்கி, பரீட்சை வைத்து, பட்டம் கொடுத்த பிறகு 'செல்லாது' என்று ஒரு தாள் வருகிறதே, அது யார் தலையில் விழுந்தது? நெய்வேலியிலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் நம்பிப் படித்தவர்கள் தலையில்.

அரியலூர் என்றதும் பழைய வாசகர்களுக்கு 1956 நவம்பர் ஞாபகம் வரும். மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து, ரயில் கவிழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாலத்தைக் கட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி அல்ல. வண்டியை ஓட்டியவரும் அல்ல. ரயில்வே மந்திரி என்பதனால் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். படிப்பு கவிழ்ந்ததற்காக யாராவது ராஜினாமா செய்தார் என்று நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. உயிர் போகவில்லையே என்பார்கள். ஒருவருடைய ஏழு வருஷத்து ராத்திரிகளுக்கு என்ன கணக்கு?

என் நண்பர் பேராசிரியர் இதைப் படிப்பார். படித்தால் கோபம் வரும். வரட்டும். முப்பது வருஷம் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு கல்லூரியில் பாடம் சொன்னவர் அவர். அவரிடம் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்: எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட முந்தின வருஷத்துப் பையன்களின் குறிப்பில் இருக்குமாம். கட்டடம் இருந்தது, கரும்பலகை இருந்தது, மணி அடித்தது. அதையும் ஆன்லைன் படிப்பையும் எதிரெதிரே வைத்துப் பட்டிமன்றம் நடத்துவதில் எனக்குச் சுவாரசியமில்லை. எழுதியதை வாங்கிப் படிக்க ஒரு ஆள் இருந்தால் மரத்தடியும் கல்லூரிதான், பஸ்ஸும் கல்லூரிதான். இல்லையென்றால் பளிங்குக் கட்டடமும் வெறும் தபால்பெட்டி.

பஸ் அரியலூருக்குள் நுழைந்தது. "அந்தப் பதினான்கு பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டேன். "வீட்டில் இருக்கிறது, சார், எதற்கு?" என்றார். "எனக்கு அனுப்புங்கள்" என்றேன். நம்பாமல் பார்த்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வேறு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பெரம்பலூரில் ஏறியிருக்க முடியாத என் ரயில், அரியலூரில் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது.

பத்து நாளில் தபால் வந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நடை அங்கங்கே தடுக்குகிறது. நாலாம் பக்கத்தில் சொன்னதையே ஆறாம் பக்கத்திலும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஆடு மேய்க்கும் பெரியவர் வருகிற இடத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நான் சரித்திரம் படித்தவனல்ல. இருந்தாலும் பென்சிலை எடுத்து ஓரங்களில் எழுதினேன். எட்டாம் பக்கத்தில், 'கோயில் கல் போனது கல்லணைக்குத்தானே? ஊரைக் குறிப்பிடவும்' என்று எழுதினேன். பதின்மூன்றாம் பக்கத்தில், ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் மதகுக் காவல் யார் கையில் இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தபாலில் சேர்த்தேன்.

போன வாரம் பதில் வந்தது. ஒரு நோட்டுத் தாளில், கோடு போட்ட பக்கத்தில், பள்ளிக்கூடக் கையெழுத்து:

'மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு, கட்டுரையைப் படித்ததற்கு நன்றி. எட்டாம் பக்கத்தில் தாங்கள் போட்ட குறிப்பு தவறு. கல் போனது கல்லணைக்கு அல்ல, அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணைக்கு. கல்லணை கரிகாலன் காலத்தது, ஐந்தாம் வகுப்பிலேயே வருகிறது. பதின்மூன்றாம் பக்கத்துக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் அந்தப் பெரியவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.'